ஓசூருக்கும் ஒரு கடற்கரை உண்டு

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓசூர். கிழக்கே எந்தப் பாதையில் இறங்கினாலும் கடலைக் காண ஒரு பகலோ ஓர் இரவோ பயணம் செய்தாக வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டைகளின் சங்கொலிக்கு விழித்து, எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் வேலைக்குப் போய்வரும் குடும்பங்களின் பிள்ளைகளே நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், கல்லூரியில் தமிழ் என்று வளரும் இவர்களில் பலர் கடலைத் திரையில் மட்டுமே கண்டவர்கள். இத்தகைய ஊரிலிருந்துகொண்டு, கடல் ஆமைகளைக் காக்கும் தன்னார்வப் பணியைப் பற்றி ஒரு தமிழாசிரியர் எழுத முற்படுவது வேடிக்கையாகத் தோன்றலாம். "நமக்கும் ஆமைக்கும் என்ன சம்பந்தம்? ஊர் ஏரியையே நம்மால் காப்பாற்ற முடியவில்லையே" என்று உடன் பணியாற்றும் நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு விடை சொல்வதோடு, தன்னார்வப் பணி என்ற பெயரில் நம் கல்லூரிகளில் நடப்பவை பற்றியும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

தமிழ் இலக்கியம் பயிற்றுவோர்க்கு இதில் ஒரு வசதி உண்டு. நெய்தல் திணையை நடத்தும்போது ஆமை தானாகவே வகுப்பறைக்குள் வந்துவிடுகிறது. அகநானூற்றின் 160ஆம் பாடலில் குமுழி ஞாழலார் நப்பசலையார் ஒரு காட்சியைக் காட்டுகிறார். நிறைசூல் கொண்ட ஆமை, அடும்பங்கொடி சிதைய வெண்மணல் மேட்டில் ஏறி, முட்டையிட்டு மணலால் மூடி மறைக்கிறது. முட்டையின் வடிவத்துக்குத் தந்தத்தில் கடைந்த வட்டுக்காயை உவமை சொல்லும் புலவர், அதன் புலால் நாற்றத்தையும் விட்டுவைக்கவில்லை. நேரில் கண்டவர் சொல்லாலன்றி இது பாடலாகியிருக்க முடியாது. அந்த அடும்பு இன்றைக்கும் நம் கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கிறது. ஆமையும் அதே மணலுக்குத்தான் வருகிறது.

பாடலின் அடுத்த செய்திதான் நமக்கு முக்கியம். முட்டையிலிருந்து குஞ்சு வெளிவரும் வரைக்கும் ஆண் ஆமை அதனைக் காத்து நிற்குமாம். உயிரியல் இதனை ஒப்புக்கொள்வதில்லை. குஞ்சாகக் கடலுக்குள் இறங்கிய ஆண் ஆமை பொதுவாக மீண்டும் கரையேறுவதில்லை. தாயும் ஒரு மணி நேர அளவில் வேலையை முடித்துக்கொண்டு கடலுக்குத் திரும்பிவிடும். அந்தக் குழியைத் தேடி அது மறுபடி வருவதில்லை. கழிக்கரை ஆமையென்று உரை கொண்டாலும் ஆண் காவல் இருப்பதாகத் தெரியவில்லை. இதைப் புலவரின் பிழையென்று நாம் வகுப்பில் சொல்வதில்லை. துணையைக் காக்கும் கணவன் அகப்பாடலுக்குத் தேவைப்பட்டான், புலவர் படைத்துக்கொண்டார். (ஐந்தடக்கலுக்கு வள்ளுவர் காட்டும் ஆமையும் கடல் ஆமைக்குப் பொருந்தாது, கடல் ஆமையால் தலையையும் துடுப்புகளையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது.) வியப்பு என்னவென்றால், நப்பசலையார் ஆண் ஆமைக்குக் கொடுத்த வேலையை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகச் சென்னைக் கரையில் சில மனிதர்கள் ஊதியமின்றிச் செய்துவருகிறார்கள் என்பதே.

அந்த வரலாறு 1970களில் தொடங்குகிறது. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவரைச் சூழ்ந்திருந்த இளைஞர்களும் இரவு நேரங்களில் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடினார்கள். அவர்களுள் ஒருவரான சதீஷ் பாஸ்கர், பின்னர் இந்தியக் கடற்கரைகளில் பல்லாயிரம் கிலோமீட்டர் நடந்து ஆமைகள் எங்கெங்கே முட்டையிடுகின்றன என்று பதிவு செய்தவர். 1982இல் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலி வலியகரைத் தீவில், படகுப் போக்குவரத்து இல்லாத மழைக்காலம் முழுவதும் தன்னந்தனியே தங்கியிருந்தார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். சில வாரங்களில் இலங்கையின் மீனவர் ஒருவர் கையில் அது கிடைக்க, அவர் அஞ்சலில் சேர்த்துவிட்டார். கதை கட்டினால்கூட இவ்வளவு துணிச்சலாகக் கட்டமாட்டோம். சதீஷ் பாஸ்கர் 2023இல் மறைந்தார். தமிழ்நாட்டில் அவர் பெயரை அறிந்த ஆசிரியர்கள் எத்தனை பேர் இருப்போம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இடையில் சில ஆண்டுகள் வனத்துறை நடத்திய பொரிப்பகங்கள் நின்றுபோன நிலையில், 1988இல் சென்னைக் கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி 'மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு' என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். அலுவலகம் இல்லை, சம்பளக்காரர் இல்லை. ஆண்டுதோறும் தை பிறக்கும்போது நடக்கத் தொடங்கி, பங்குனி கழியும் வரை நடந்தார்கள். அன்று தொடங்கிய மாணவர்களுக்குப் பின் அடுத்தடுத்த தலைமுறை வந்து, இன்றளவும் அந்த நடை தொடர்கிறது. முதற்குழுவில் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியராகி, இந்தியக் கடல் ஆமைப் பாதுகாப்பின் வரலாற்றை 2015இல் நூலாகவும் எழுதினார். கடலில்லாத பெங்களூரில் இருந்துகொண்டு ஆமையை ஆராய்வது இயலுமென்றால், அதிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் ஓசூருக்கு மட்டும் என்ன தடை என்று நண்பர்களைக் கேட்கத் தோன்றுகிறது.

வேலை என்னவென்று அறியாதவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறோம். நம் கரைக்குப் பெரும்பாலும் வருவது ஆலிவ் ரிட்லி என்று நூல்கள் சொல்லும் ஆமை. பங்குனியை ஒட்டி வருவதால் மீனவர் வழக்கில் அது பங்குனி ஆமை. (பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என்று மற்றவற்றுக்கும் அவர்களிடம் அழகான பெயர்கள் உண்டு, நம் பாடநூல்கள் ஆங்கிலப் பெயரை அப்படியே எழுதி அமைந்துவிடுகின்றன.) நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர். நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டு விடியும் முன் முடிக்க வேண்டும். விளக்கு கூடாது, இரைச்சல் கூடாது. ஈர மணலில் துடுப்புகள் இழுத்த தடம் தென்பட்டால் அதனைத் தொடர்ந்து மேட்டுக்குப் போய், மெல்லிய கோலால் மணலைக் குத்திப் பார்த்து, இளகிய இடத்தைக் கையால் தோண்டுகிறார்கள். குடுவை வடிவக் குழி. அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள். அவற்றைத் துணிப்பையில் எடுத்துக்கொண்டு, குழியின் ஆழத்தை அளந்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் அதே வடிவில் குழிதோண்டிப் புதைக்கிறார்கள். இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்றியாக வேண்டும். தாமதித்து அசைத்தால் உள்ளிருக்கும் கரு சிதைந்துவிடும். 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண். வெளிவந்த குஞ்சு வெளிச்சமான திசையை நோக்கி ஓடும். ஒரு காலத்தில் அது கடலின் திசையாக இருந்தது. இப்போது சாலை விளக்குகளின் திசையாகிவிட்டதால், குஞ்சுகளை அள்ளி அலையருகே விட ஒருவர் விழித்திருக்க வேண்டியிருக்கிறது.

2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு, 26 மாணவர்களோடு நாமும் இந்த நடையில் கலந்துகொண்டோம். உயிருள்ள ஆமை ஒன்றையும் அன்று காணவில்லை. இரண்டு மணி கடந்ததும் ஒரு மாணவன் பொறுமையிழந்து, "அண்ணா, இன்னிக்கு ஒண்ணுமே வராதா?" என்று முன்னால் நடந்த தொண்டரைக் கேட்டான். அவர் திரும்பிப் பாராமலே, "வரலன்னாலும் நடக்கணும் தம்பி. வந்துட்டுப் போயிருந்தா, தடத்தை நாய் பாக்குறதுக்கு முன்ன நாம பாத்தாகணும்" என்றார். திருவான்மியூரைத் தாண்டியதும் கரை ஒதுங்கிய ஆமை ஒன்றின் உடல் கிடந்தது. கண்கள் பிதுங்கியிருந்தன. தொண்டர்கள் நாடாவால் ஓட்டை அளந்து குறித்துக்கொண்டு நடந்தார்கள். தளி வட்டாரத்திலிருந்து வந்த ஒரு மாணவி மட்டும் அங்கேயே நின்று, தன் வீட்டுக் கன்னடத்தில் "ஆமெ" என்று மெல்லச் சொன்னாள். தமிழிலும் அதே சொல்தான் என்பதை அப்போதுதான் அவள் உணர்ந்திருக்க வேண்டும். மூன்றரை மணி அளவில் ஒரு குழி அகப்பட்டது: 112 முட்டைகள்.

திரும்பும் வழியில் பேருந்தில் மாணவர்கள் பெரும்பாலோர் ஏமாற்றத்தோடு இருந்தார்கள். படம் எடுக்க ஒன்றும் அமையவில்லை. சான்றிதழ் உண்டா என்ற கேள்வி வேலூரைத் தாண்டும் முன்பே வந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். அப்படிக் கேட்கப் பழக்கியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே. இன்று கல்லூரிகளில் தன்னார்வம் என்பது தாளில் முடிகிறது. ஒரு நாள் மரம் நடுதல், ஒரு நாள் கடற்கரைத் தூய்மை, அரை நாள் பேரணி. ஒவ்வொன்றுக்கும் பதாகை, குழுப்படம், சான்றிதழ், தர மதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்பு. நட்ட மரத்துக்கு மறுவாரம் தண்ணீர் ஊற்றியவர் யார் என்று எந்தக் கோப்பிலும் இல்லை. இதே மனப்பாங்கோடு ஆமை நடைக்குப் போனால் அது மிருகக்காட்சிசாலைக்குப் போவதைப் போன்றதாகிவிடும். வார இறுதி நடைகளுக்குப் பொதுமக்களை அழைத்துச் செல்வது நல்ல கல்விமுறைதான். அதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அந்தப் பணியைத் தாங்கி நிற்பது செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் பார்வையாளர் எவருமின்றி நடக்கும் நான்கைந்து பேர். ஒன்றும் அகப்படாத இரவுகளின் எண்ணிக்கைதான் ஒரு தொண்டரின் தகுதியென்பது நம் கருத்து. ஒரு பருவம் முழுவதும் வந்தவர்க்குச் சான்றிதழ் தரலாம். ஓர் இரவுக்குத் தருவது தொண்டுக்கும் நல்லதன்று, மாணவருக்கும் நல்லதன்று. நம்மோடு வந்த 26 பேரில் இருவர் அடுத்த பருவத்தில் தம் கைக்காசில் மீண்டும் சென்னைக்குப் போய்ப் பத்து இரவுகள் நடந்தார்கள். அவர்கள் நம்மிடம் தாள் கேட்கவில்லை.

இப்பணியின் மீது அறிவுடையோர் எழுப்பும் கேள்வி ஒன்றையும் மறைக்கலாகாது. முட்டையைக் காப்பதால் மட்டும் ஆமைகள் பிழைத்துவிடுமா? பொரித்த குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்று வளர்ந்து ஆளாகும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவ்வாறாயின், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கடலில் பிழைத்து முட்டையிடக் கரைநோக்கி வரும் ஒரு தாய் ஆமை இறந்தால், அந்த இழப்பைப் பல பொரிப்பகங்கள் சேர்ந்தாலும் ஈடுசெய்ய முடியாது. 2025 ஜனவரியில் இது கண்முன்னே நடந்தது. சென்னை முதல் தெற்கே நீண்ட கரையில் செத்த ஆமைகள் வரிசையாக ஒதுங்கின. செய்தித்தாள் கணக்குகள் ஆயிரத்தைத் தாண்டின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. ஆமை காற்றைச் சுவாசிக்கும் உயிர். விசைப்படகுகளின் இழுவலையில் சிக்கி நீருக்கடியில் நெடுநேரம் இழுபட்டால் மூச்சடைத்து இறந்துபோகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாதென்ற விதி இருக்கிறது. வலையில் ஆமை தப்பிச்செல்லும் கம்பித் தடுப்பைப் பொருத்தும் தொழில்நுட்பமும் பல ஆண்டுகளாக இருக்கிறது. நம் கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆமைப் பருவம் பெரும்பாலும் முடிந்த பிறகுதான் அது தொடங்குகிறது. அந்த ஜனவரியில் குழிகளைத் தேடி நடந்தவர்கள் உடல்களை எண்ணிக்கொண்டு நடந்தார்கள்.

இந்த இடத்தில் நகரத்துப் படிப்பாளிகள் மீனவரை வில்லனாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்வதைக் காண்கிறோம். இது நமக்கு உடன்பாடில்லை. கடனில் வாங்கிய படகு, ஏறும் டீசல் விலை, குறைந்துவரும் மீன்பாடு இவற்றுக்கிடையே கரையை ஒட்டி வலை இழுப்பவரை அறிவுரையால் மட்டும் திருத்த முடியாது. கட்டுமரக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் இதே விசைப்படகுகளால் தாமும் வலை இழப்பவர்கள். 5 கடல் மைல் விதியை அமல்படுத்துங்கள் என்பது அவர்களின் பழைய கோரிக்கையும்கூட. 2002இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய 'ட்ரீ' அறக்கட்டளை மீனவக் குப்பத்து இளைஞர்களையே ஆமைக் காவலர்களாக்கியது. வெளியூரிலிருந்து வார இறுதியில் வரும் கல்லூரி மாணவரைவிட, விடியலில் கடலுக்குப் போகும்போதே தடத்தைக் கண்டுகொள்ளும் அந்த இளைஞரே இப்பணிக்கு ஏற்றவர். அவரிடம் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்ற எண்ணத்தோடு உள்நாட்டு மாணவர்கள் போவார்களானால், போவதில் பொருள் உண்டு.

நண்பர்களின் கேள்விக்கு இனி வருகிறோம். ஓசூருக்குக் கடலில்லை என்பது நிலப்படத்தைப் பாதி பார்த்தவர் பேச்சு. நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்குப் பகுதியைத் தொட்டுக்கொண்டு, கொடியாளத்தருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவும் அதனோடு வருகிறது. அணையின் மதகுகள் திறக்கப்படும்போது வெண்பனிபோல் நுரை பொங்கி நிற்பதைச் செய்திப்படங்களில் எல்லோரும் கண்டிருப்பார்கள். அருகிலிருக்கும் நமக்கு நாற்றமும் தெரியும். அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவலூர் என்று கடந்து கடலூரருகே வங்கக் கடலில் கலக்கிறது அதே ஆறு. அந்தக் கரையிலும் பங்குனி ஆமை முட்டையிட வருகிறது. ஆகவே ஓசூரின் கடற்கரை கடலூரில் இருக்கிறது. நம் ஆற்றில் வீசியெறிந்த பாலிதீன் பை, ஆமை விரும்பித் தின்னும் சொறிமீனைப்போல் நீரில் மிதக்கும் இடமும் அதுவே.

சாதாரண ஆண்டுகளில் இடையிலுள்ள அணைகள் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன என்பது உண்மை. வெள்ளம் வரும்போது கணக்கே வேறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் எச்சத்தால் நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நின்றிருந்த வேன்களையே வெள்ளம் உருட்டிச் சென்றது. தென்பெண்ணை கரைபுரண்டு விழுப்புரம், கடலூர் மாவட்டங்களை மூழ்கடித்தது. வேனையே உருட்டிய வெள்ளம் ஓடைகளிலும் ஏரிக்கரைகளிலும் நாம் பல்லாண்டுகளாகக் கொட்டி வைத்தவற்றை மட்டும் விட்டுவைத்திருக்குமா? ஆமைப் பருவம் தொடங்க அப்போது ஒரு மாதமே இருந்தது. தென்பெண்ணையைப் பற்றி இரு மாநிலங்களிலும் பேசப்படுவதெல்லாம் எத்தனை டி.எம்.சி. தண்ணீர் என்பதுதான். தண்ணீரின் அளவுக்கு வழக்காட வழக்குரைஞர்கள் இருக்கிறார்கள். அதன் தரத்துக்காக வழக்காட, எல்லையின் இருபுறமும் மொழி தெரிந்த நம் மாணவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணியாற்ற வேண்டும் என்பது விதி. அதில் ஓர் இரவு, அதாவது ஐந்தாறு மணி நேரம், கடற்கரையில் கழியட்டும். எஞ்சியதை ஆற்றுக்குக் கொடுக்கலாம் என்பது நம் யோசனை. "ஆற்றுப்பணியே போதாதா, ஆமை எதற்கு?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நுரையை நாள்தோறும் பார்க்கும் பிள்ளைக்கு அது பழகிவிடுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடந்துவிடுகிறது. செத்த ஆமையின் ஓட்டருகே நாடா பிடித்து நின்ற பிள்ளைக்கு அதே பாலத்தைக் கடக்கும்போது வேறொன்று நினைவுக்கு வரும். அந்தத் தளி மாணவிக்கு வந்தது, அவள்தான் முதலில் கேட்டாள், "ஐயா, நம்ம ஆறு எங்க போய்ச் சேருது?" என்று.

அந்தக் கேள்வியிலிருந்து ஒரு குறிப்பேடு தொடங்கியது. மாதத்தில் முதல் சனிக்கிழமை எட்டு மாணவர்கள் கெலவரப்பள்ளிக்குப் போகிறார்கள். நுரை இருந்ததா, எவ்வளவு உயரம், நீரின் நிறம், கரையில் பத்தடிச் சதுரத்தில் எத்தனை பிளாஸ்டிக் பைகள், அவற்றில் எந்த மொழியில் கடைப்பெயர் என்பதெல்லாம் அதில் ஏறுகின்றன. பைகளில் கன்னடமும் தமிழும் ஏறக்குறையச் சரிபாதி. பக்கங்களைப் படியெடுத்துக் கடலூரில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் நம் பழைய வகுப்புத் தோழருக்கு அனுப்புகிறோம். அவருடைய மாணவர்கள் கழிமுகத்தில் அதே அளவு சதுரத்தில் எண்ணிப் பதில் அனுப்புகிறார்கள். சென்ற தை மாதப் பதிலில் பைகளின் கணக்குக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது: கழிமுகத்துக்கு வடக்கே மணலில் ஒரு தடம், நாய்கள் குழியைக் கிளறிவிட்டிருந்தன, முட்டை எதுவும் மிச்சமில்லை. இரவில் நடக்க ஆள் போதவில்லை என்றும் எழுதியிருந்தார். வருகிற பருவத்துக்கு ஓசூரிலிருந்து ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரம் தங்குவதற்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.